பட்டுக்கூட்டிலிருந்து செல் வளர்ப்பு வரை: ஃபைப்ராயின் ஆய்வைத் தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டுப்புழுவின் சுரப்பிக்குள் கால் பங்கு அளவுக்கு ஃபைப்ராயின் என்ற புரதம் கலந்த கெட்டியான கரைசல் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும்வரை அது உறைவதில்லை. புழு தன் தலையை '8' போல ஆட்டி ஆட்டி அதை வெளியே இழுக்கும்போது, சில நொடிகளில் அது கொதிநீரில் போட்டாலும் கரையாத இழையாகிவிடுகிறது. இதற்குச் சூடு வேண்டாம், கரைப்பான் வேண்டாம், அழுத்தக் கலன் வேண்டாம். தண்ணீரும் அறை வெப்பமும் போதும்.

ஆய்வகத்தில் நாம் இந்தக் கதையை ஒருமுறை பின்னோக்கி ஓட்டிவிட்டு, நமக்கு வேண்டிய வடிவத்தில் மறுபடி முன்னோக்கி ஓட்டுகிறோம். இழையைக் கரைத்து, கரைந்ததைப் பஞ்சாகவோ படலமாகவோ ஜெல்லாகவோ மீண்டும் கரையாததாக்கி, அதன்மேல் செல்களை வளர்க்கிறோம். எந்தப் படியில் நின்றாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் புரதம் இப்போது கரையும் பக்கம் இருக்கிறதா, கரையாத பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறதா? இது கைவந்துவிட்டால் பட்டு ஆய்வில் முக்கால் பங்கு கைவந்த மாதிரி.

முதுகலை புராஜெக்ட் செய்பவர்களையும் முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டில் இருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அளவுகள், நேரங்கள் எல்லாம் பட்டு ஆய்வகங்களில் பரவலாகப் புழங்குபவை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லானின் குழு விரிவாக எழுதிவைத்த செய்முறையைத்தான் உலகெங்கும் பலர் அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

புரதத்தைப் பார்த்துச் செய்வது என்றால்

திசுப் பொறியியல் என்ற துறைக்கு முகவரி கொடுத்தது 1993-இல் ராபர்ட் லாங்கரும் ஜோசப் வகான்டியும் எழுதிய கட்டுரை. செல்கள், அவை உட்கார ஒரு தாங்கி, அவற்றுக்குச் சொல்லும் சமிக்ஞைகள் ஆகியவற்றைச் சேர்த்து இழந்த திசுவை வளர்த்தெடுப்பது என்பது அதன் சாரம். தாங்கிக்கும் நம் மொழியில் 'சாரம்' என்ற அதே சொல் பொருந்துவது ஒரு வசதி. வீடு கட்டும்போது சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுகிறோம். சுவர் நின்றதும் பிரித்துவிடுகிறோம். உடலுக்குள் வைக்கும் சாரத்தை உடலே பிரித்துக்கொள்ள வேண்டும், அதுவும் சுவர் எழும்பும் வேகத்துக்கு ஏற்றபடி. ஆய்வகத்தில் எல்லாரும் 'ஸ்காஃபோல்ட்' என்றுதான் சொல்வார்கள். இங்கே சாரம் என்றே வைத்துக்கொள்வோம்.

இயற்கையில் செல்களைத் தாங்குவது பெரும்பாலும் கொலாஜன். அது மூன்று இழை முறுக்கிய கயிறு என்ற யோசனை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து, ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் செய்த வேலையில், வந்தது. எக்ஸ்-கதிர் படத்துக்கு அவர்களுக்குக் கிடைத்த நல்ல மாதிரி, சென்னையிலேயே இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த கங்காரு வால் தசைநாண். கங்காருவின் வால் சென்னையில் ஒரு புரதத்தின் முடிச்சை அவிழ்த்தது என்பது எனக்கு எப்போதும் பிடித்த கதை.

புரதத்தை முழுசாக எடுத்துக்கொள்ளலாம். கொலாஜனும் பட்டும் அப்படித்தான் பயன்படுகின்றன. ஒரு துண்டை மட்டும் எடுக்கலாம்: செல்களைச் சுற்றியுள்ள ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தில் செல் பிடித்துக்கொள்ளும் இடம் அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்று வெறும் மூன்று எழுத்து என்பதை 1984-இல் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் காட்டினார்கள். 'ஆர்ஜிடி' என்ற அந்த மூன்று எழுத்தை இன்று எந்தப் பொருளின்மேல் வேண்டுமானாலும் ஒட்டுகிறார்கள். அல்லது உத்தியை மட்டும் எடுக்கலாம். எலாஸ்டினில் திரும்பத் திரும்ப வரும் ஐந்து எழுத்து வரிசையைப் பாக்டீரியாவில் செய்து வாங்கினால், குளிரில் கரைந்தும் சூட்டில் திரண்டும் நடந்துகொள்ளும் புரதம் கிடைக்கிறது. கடல் மட்டி ஈரப் பாறையில் ஒட்டிக்கொள்ள உதவும் டோபா என்ற அமினோ அமிலத்தைப் பார்த்து ஒட்டுப் பூச்சுகள் செய்கிறார்கள்.

இத்தனையும் இருக்க, தொடங்குபவருக்கு நான் பட்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூலப்பொருள் மலிவு, வேலை முழுக்கத் தண்ணீரில் நடக்கிறது, தவறு செய்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஃபைப்ராயினை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்

மல்பெரிப் பட்டுப்புழுவின் இழையில் நடுவே ஃபைப்ராயின், சுற்றிலும் செரிசின் என்ற கோந்து. கூட்டின் எடையில் கால் பங்கு அல்லது சற்று மேல் செரிசின்தான். ஃபைப்ராயினின் பெரிய சங்கிலியில் 5,263 அமினோ அமிலங்கள். நிறை சுமார் 390 கிலோடால்டன் (மூலக்கூற்று நிறையின் அலகு). அதோடு 26 கிலோடால்டன் அளவில் ஒரு சின்னச் சங்கிலி ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய சங்கிலியில் கிளைசின் 46 விழுக்காடு, அலனின் 30, செரின் 12. அதாவது பத்தில் ஒன்பது எழுத்து இந்த மூன்றேதான். கிளைசின்–அலனின்–கிளைசின்–அலனின்–கிளைசின்–செரின் என்று மந்திரம் போல ஓடும் வரிசை.

மூன்றுமே சிறிய அமினோ அமிலங்கள். அதனால் சங்கிலிகள் நெருக்கமாகப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோத்து, தாள் தாளாக அடுக்கிக்கொள்கின்றன. இதுதான் பீட்டா தாள். தண்ணீர் உள்ளே நுழைய முடியாத அடுக்கு என்பதால் கரையாது. பீட்டா தாள் கூடினால் வலு கூடும், சிதைவு மெதுவாகும், நொறுங்கும் தன்மையும் சேர்ந்து வரும். குறைந்தால் மென்மையாகவும் சீக்கிரம் கரைவதாகவும் இருக்கும். கோந்து நீக்கத்துக்குப் பிறகு செய்யப்போகும் எல்லாமே இந்த ஒரு குமிழைத் திருகுவதுதான்.

முதல் படி: திசுவைத் தேர்ந்தெடுத்து எண்ணாக எழுதுங்கள்

'எலும்புத் திசுவுக்குப் பட்டுச் சாரம்' என்பது தலைப்பு மட்டுமே, கேள்வி ஆகாது. எவ்வளவு விறைப்பு வேண்டும், துளை எத்தனை மைக்ரோமீட்டர், எத்தனை வாரத்தில் சாரம் மறைய வேண்டும், எந்தச் செல் என்று நான்கு வரி எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

விறைப்பை அலட்சியம் செய்யாதீர்கள். 2006-இல் பென்சில்வேனியாவில் எங்ளர், டிஷர் குழுவினர் ஒரே குருத்தணுக்களை வெவ்வேறு மென்மையுள்ள ஜெல்களில் வளர்த்துப் பார்த்தார்கள். மூளையைப் போல 1 கிலோபாஸ்கலுக்குள் இருந்தால் நரம்புச் செல் சாயல், 10 கிலோபாஸ்கல் பக்கம் தசைச் சாயல், 25 முதல் 40 வரை போனால் எலும்புச் சாயல் வந்தது. படுக்கை எப்படியோ அப்படியே தூக்கம் என்கிற கதைதான். பட்டுப் பஞ்சின் மொத்த விறைப்பு ஒன்று, செல் தொட்டு உணரும் துளைச் சுவரின் விறைப்பு இன்னொன்று. கட்டுரைகளில் இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும், நீங்கள் குழப்பாதீர்கள்.

இரண்டாம் படி: கூடு வாங்குவது

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது எளிது. கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பக்கம் மல்பெரி வளர்க்கும் விவசாயிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் ராமநகரச் சந்தை பெரியது. வெள்ளை நிற இருசந்ததி (பைவோல்டைன்) இனக் கூடுகளை வாங்குங்கள். மஞ்சள் கூட்டின் நிறமி பெரும்பாலும் செரிசினோடு போய்விடும் என்றாலும், முதல் முயற்சியிலேயே அந்தச் சந்தேகம் எதற்கு?

கூட்டுக்குள் புழுவை எப்படிக் கொன்றார்கள் என்று கேளுங்கள். ஆவியிலா, சூடான காற்றிலா, எத்தனை டிகிரி? அதிகச் சூடு பட்ட கூடு பின்னால் சரியாகக் கரையாமல் அடம்பிடிக்கும். ஒரே விவசாயியிடம் ஒரே பருவத்தில் ஒரு கிலோ வாங்கி, உலர்ந்த டப்பாவில் வைத்து, தேதி எழுதிவிடுங்கள். இரண்டாண்டு ஆய்வின் நடுவில் கூடு மாறினால், அதற்கப்புறம் வரும் தரவை முந்தைய தரவோடு ஒப்பிடக் கூச்சமாக இருக்கும்.

கத்தரிக்கோலால் கூட்டை இரண்டாக வெட்டி, கூட்டுப்புழுவையும் அது உரித்த தோலையும் வெளியே தட்டிவிட வேண்டும். உட்புறம் பழுப்புக் கறை உள்ளவற்றைத் தூக்கிப் போடுங்கள். வெறும் ஓடு ஒன்று 0.35 முதல் 0.4 கிராம் வரை இருக்கும். ஆக, 5 கிராமுக்கு 12 முதல் 15 கூடுகள் தேவை.

மூன்றாம் படி: கோந்து நீக்கம்

இங்கேதான் பலருடைய ஆய்வு அவர்களுக்கே தெரியாமல் கெடுகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2 லிட்டர் தூய நீரைக் கொதிக்க வையுங்கள். அதில் 4.24 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பொங்கும். இப்போது செறிவு 0.02 மோலார். பாட்டில் லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் எடை போட வேண்டும். பத்து நீர் மூலக்கூறு கொண்ட படிக வகை கையில் இருந்தால் அதே செறிவுக்கு 11.4 கிராம் வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரு மாதம் முழுக்க அரைகுறையாகக் கோந்து போன பட்டோடு நான் மல்லுக்கட்டினேன். செல்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று செல்களையே சந்தேகப்பட்டேன்.

வெட்டிய கூடுகளைப் போட்டுச் சரியாக 30 நிமிடம் கொதிக்கட்டும். நடுநடுவே கண்ணாடிக் கோலால் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடியில் உருண்டையாகச் சுருண்டு, உள்ளே கோந்து நிற்கும். அப்புறம் இழையை எடுத்து, ஒரு லிட்டர் தூய நீரில் 20 நிமிடம் வீதம் மூன்று முறை அலசிப் பிழியுங்கள். கடைசி அலசலில் விரல்களுக்கு இடையே வழுவழுப்பு இருக்கக் கூடாது. பஞ்சு பிரிப்பது போல இழையைப் பிரித்து, அலுமினியத் தாளில் பரப்பி இரவு முழுக்க உலரவிடுங்கள்.

காலையில் எடை போடுங்கள். 5 கிராம் கூட்டுக்கு 3.6, 3.7 கிராம் வந்தால் சரி. 4 கிராமுக்கு மேல் என்றால் செரிசின் மிச்சம் இருக்கிறது, அல்லது இழை இன்னும் காயவில்லை. பிக்ரோகார்மின் சாயத்தில் ஒரு துணுக்கை முக்கிப் பார்த்தால் செரிசின் உள்ள இடம் சிவக்கும், சுத்தமான ஃபைப்ராயின் மஞ்சளாகும்.

சரி, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் இன்னும் சுத்தமாகுமே? ஆகும்தான். ஆனால் காரமும் கொதியும் சேர்ந்து ஃபைப்ராயின் சங்கிலியையும் வெட்டும். கொதி நேரம் கூடக்கூட மூலக்கூற்று நிறை இறங்கும். புரதங்களை நிறைப்படி பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் ஜெல்லில் தெளிவான பட்டைக்குப் பதில் தேய்த்துவிட்ட மை போல நீளமான கறை தெரியும். குட்டைச் சங்கிலிகளில் செய்த சாரம் வலுக் குறைந்து, சீக்கிரம் சிதையும். மருந்து மெதுவாகக் கசிய வேண்டிய வேலைகளுக்கு இதையே வேண்டுமென்று செய்பவர்களும் உண்டு. ஆகவே கொதி நேரம் என்பது சுத்தம் செய்யும் வேலை மட்டும் இல்லை, சங்கிலியின் நீளத்தை நீங்கள் முடிவு செய்யும் இடம். 'சுமார் அரை மணி' என்று நோட்டில் எழுதாதீர்கள்.

செரிசினை ஏன் இவ்வளவு விரட்ட வேண்டும்? கோந்து நீக்காத பட்டுத் தையல் நூல்களில் உடல் அழற்சி காட்டியதாக மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். தனியாகப் பிரித்த செரிசின் அவ்வளவு வில்லன் இல்லை, அதை வைத்துத் தனியாக ஆய்வு செய்பவர்களும் இருக்கிறார்கள். ஃபைப்ராயினோடு சேர்ந்து நிற்கும்போதுதான் சிக்கல்.

நான்காம் படி: கரைப்பது

பீட்டா தாளின் ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பிரிக்க லித்தியம் புரோமைடு வேண்டும், அதுவும் 9.3 மோலார் செறிவில். 20 மில்லிலிட்டர் கரைசலுக்குச் சுமார் 16.2 கிராம். தண்ணீரில் உப்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். பாத்திரம் கைசுடும் அளவுக்குச் சூடாகும். இந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். திறந்து நாளான பாட்டிலில் பாதி எடை தண்ணீராகக்கூட இருக்கலாம். பட்டு கரையவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தப் பாட்டிலைத் திறந்த தேதியைத்தான்.

ஒரு கிராம் ஃபைப்ராயினுக்கு 4 மில்லிலிட்டர் என்பது கணக்கு. 3.6 கிராமுக்கு 14.4 மில்லிலிட்டர். சின்னப் பீக்கரில் இழையை அழுத்தி வைத்து, மேலே கரைசலை ஊற்றி, மூடி, 60 டிகிரி அடுப்பில் 4 மணி நேரம் வையுங்கள். கிளற வேண்டாம். வெளியே எடுக்கும்போது தேன் நிறத்தில், தேன் போலவே கெட்டியாக, கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளைத் துணுக்கு மிதந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள்; அதற்கும் மசியாவிட்டால் பிழை முந்தைய படியில் இருக்கிறது.

லித்தியம் புரோமைடு விலை கையைக் கடித்தால் கால்சியம் குளோரைடு, எத்தனால், தண்ணீர் மூன்றையும் 1:2:8 என்ற மோல் விகிதத்தில் கலந்த கரைப்பான் இருக்கிறது. அது வேலை செய்யும். சங்கிலி கூடுதலாக உடையும் என்பதால், இரண்டையும் ஒரே ஆய்வில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தாதீர்கள்.

ஐந்தாம் படி: டயாலிசிஸ், அதன் பொறுமை

இப்போது உப்பை வெளியேற்ற வேண்டும், புரதத்தை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். 3.5 கிலோடால்டன் எல்லையுள்ள சவ்வுப் பையில் கரைசலை ஊற்றி, பெரிய பாத்திரத் தூய நீரில் மிதக்கவிட்டு, அடியில் காந்தக் கிளறியை மெதுவாகச் சுழல விடுங்கள். தண்ணீரை மாற்றும் நேரம்: 1 மணி, 4 மணி, அன்று இரவு, மறுநாள் காலை, இரவு, அதற்கடுத்த காலை. மொத்தம் 48 மணி நேரம், ஆறு மாற்றம்.

பையை முக்கால் பங்கு நிரப்பினால் போச்சு. உள்ளே அவ்வளவு உப்பு இருப்பதால் தண்ணீர் பாய்ந்து நுழையும். பருமன் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். என் முதல் பை இரவில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. காலையில் வந்து பார்த்தபோது இரண்டு நாள் உழைப்பு 2 லிட்டர் தண்ணீரில் மெல்லிய நுரையாக மிதந்தது. பாதிக்கும் குறைவாக நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, இரண்டு முடிச்சாகக் கட்டுங்கள்.

கடைசி மாற்றத்தில் பாத்திரத்து நீரின் மின்கடத்துத்திறனை அளந்து, புதுத் தூய நீரோடு ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் இன்னொரு மாற்றம். லித்தியம் மிச்சம் இருந்தால் செல்கள் அதைச் சொல்லிக்காட்டும்.

பின்பு 4 டிகிரியில், சுமார் 12,700 மடங்கு புவியீர்ப்பில், 20 நிமிடம் வீதம் இரண்டு முறை மையவிலக்கில் சுற்றி, மேலே நிற்கும் தெளிந்த கரைசலை மட்டும் எடுங்கள். எடை தெரிந்த தட்டில் 1 மில்லிலிட்டரை ஊற்றி 60 டிகிரியில் இரவு முழுக்கக் காயவைத்தால் கண்ணாடித் துண்டு போல ஒரு படலம் மிஞ்சும். அது 0.075 கிராம் என்றால் செறிவு 7.5 விழுக்காடு. 6 முதல் 8 வரை வருவது வழக்கம். 7.5 விழுக்காட்டில் 10 மில்லிலிட்டர் இருந்தால் 2.5 மில்லிலிட்டர் நீர் சேர்த்து 6 ஆக்கிக்கொள்ளலாம்.

இந்தக் கரைசலைப் பச்சைக் குழந்தையைப் போலக் கையாள வேண்டும். குலுக்காதீர்கள். குழாயை வேகமாகக் குலுக்கிக் கலக்கும் வோர்டெக்ஸ் கருவிக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். பிப்பெட்டில் வேகமாக இழுத்துப் பீய்ச்சாதீர்கள். புழு இழுத்து இழுத்துத்தான் இழை செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இழுவிசை பட்டால் சங்கிலிகள் வரிசை கட்டி பீட்டா தாளாகத் தொடங்கும். 4 டிகிரி ஃபிரிட்ஜில் சில வாரம் தாங்கும்.

ஆறாம் படி: பஞ்சு செய்வது

பல வடிவங்களில் நான் உப்புப் பஞ்சையே முதலில் செய்யச் சொல்வேன். சோடியம் குளோரைடைச் சலித்து 500 முதல் 600 மைக்ரோமீட்டர் வரையுள்ள பருக்கைகளை எடுங்கள். சமையல் உப்பு வேண்டாம், அயோடினும் கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் அதில் இருக்கின்றன. உருளை வடிவ டப்பாவில் 6 விழுக்காட்டுக் கரைசல் 2 மில்லிலிட்டர் ஊற்றி, டப்பாவைச் சுழற்றிக்கொண்டே 4 கிராம் உப்பைத் தூவுங்கள். மெதுவாக, கோலம் போடும் கை போல. மேசையில் தட்டிக் காற்றுக்குமிழிகளை வெளியேற்றி, மூடி, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள்.

மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறதே, கிட்டத்தட்ட அதுதான் இங்கேயும். உப்பு புரதத்தைச் சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. துணையில்லாத சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பீட்டா தாளாகின்றன. கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும் என்பதால், 2 மில்லிலிட்டரில் 0.7 கிராம் கரைந்ததும் நீர் நிறைந்துவிடும். மீதி 3.3 கிராம் பருக்கையாகவே நின்று துளைக்கு அச்சாகிறது. ஓரம் கொஞ்சம் கரைவதால் துளை, பருக்கையைவிடச் சற்றுச் சிறியதாக வரும்.

இறுகியதும் டப்பாவோடு தூய நீரில் போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை நீர் மாற்றி, இரண்டு நாள் கழுவுங்கள். வெளியே வருவது நனைந்த இட்லி மாதிரி இருக்கும். அழுத்தினால் நீர் கக்கும், விட்டால் மீண்டு வரும். தோலாகப் படிந்த மேல்பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, நடுவிலிருந்து வில்லைகளை வெட்டி எடுங்கள்.

உறையவைத்து உலர்த்தியும் பஞ்சு செய்யலாம். மெதுவாக, –20 டிகிரியில் உறைந்தால் பனிப்படிகம் பெரிது, துளையும் பெரிது. –80 டிகிரியில் சிறியது. ஆனால் அப்படி வரும் பஞ்சு தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும், தனியாக பீட்டா தாள் ஏற்ற வேண்டும். படலத்துக்கும் இதே கதிதான். மெத்தனாலில் முக்கினால் நிமிடக்கணக்கில் வேலை முடியும், படலம் மட்டும் அப்பளம் போல நொறுங்கும். நீராவியில் வைப்பது நிதானமான வழி: வெப்பத்தை 4 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை மாற்றினால் பீட்டா தாள் அளவு சுமார் 14 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடு வரை மாறுவதை 2011-இல் காட்டியிருக்கிறார்கள். முன்னே சொன்ன குமிழை இவ்வளவு துல்லியமாகத் திருக வேறு எந்த வழியும் எனக்குத் தெரிந்து இவ்வளவு மலிவாக இல்லை.

ஏழாம் படி: செய்தது என்னவென்று அளப்பது

எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுங்கள். அதில் புரத முதுகெலும்பின் பிணைப்புகள் தரும் அமைடு-1 பட்டை 1,620–1,630 செ.மீ⁻¹ பக்கம் இருந்தால் பீட்டா தாள். 1,640–1,650 பக்கம் இருந்தால் ஒழுங்கற்ற சுருள். தண்ணீரும் 1,640 பக்கமே பட்டை தருவதால் மாதிரியை நன்றாக உலர்த்தாவிட்டால் ஏமாறுவீர்கள். பட்டையை உடைத்து விழுக்காடு கணக்கிடும்போது, ஒரே தரவில் இரண்டு பேர் இரண்டு விடை எடுப்பது சகஜம். உங்கள் மாதிரிகளுக்குள் ஒப்பிட அந்த எண்ணை நம்புங்கள். இன்னொருவர் கட்டுரையோடு ஒப்பிட நம்பாதீர்கள்.

அழுத்தச் சோதனையை ஈரத்தில், 37 டிகிரியில் செய்யுங்கள். காய்ந்த பஞ்சு கம்பீரமான எண்களைத் தரும், உடலுக்குள் அதற்கு வேலையில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்துக்கும் இதே எச்சரிக்கை: அது உலர்ந்து சுருங்கிய துளையின் படம்.

சிதைவுச் சோதனைக்கு வழக்கமாக எடுப்பது ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரிசியஸ் கிருமியிலிருந்து வரும் புரோட்டியேஸ்–14 என்ற, புரதத்தை வெட்டும் நொதி. நொதி ஓரிரு நாளில் சோர்ந்துவிடுவதால் புதிதாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நொதி இல்லாத உப்புக் கரைசலில் ஒரு தொகுதியைக் கூடவே வையுங்கள்.

எட்டாம் படி: கிருமி நீக்கம்

பட்டுக்குள்ள பெரிய வசதி, பீட்டா தாள் ஏறிய சாரத்தை 121 டிகிரி ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வைக்கலாம் என்பது. கொலாஜன் இதைத் தாங்காது. 70 விழுக்காடு எத்தனாலும் போடலாம், அது பீட்டா தாளையும் கொஞ்சம் கூட்டும் என்பதை மறக்காமல். புற ஊதா விளக்கு பஞ்சின் உள்துளைகளுக்குள் போகாது. கிருமி செத்தாலும் அதன் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு அப்படியே இருக்கும். விலங்கு வரை போகும் திட்டம் என்றால் முதல் நாளிலிருந்தே நீரையும் கண்ணாடிப் பாத்திரத்தையும் அதற்கேற்ற தரத்தில் வையுங்கள்.

ஒன்பதாம் படி: செல்களோடு

மல்பெரிப் பட்டில் ஆர்ஜிடி கிடையாது. சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) கலந்த வளர்ப்பு ஊடகத்தில் செல் ஒட்டுகிறதென்றால், சீரத்தின் புரதங்கள் முதலில் பட்டின்மேல் படிந்து இடம் போட்டுக் கொடுக்கின்றன என்று பொருள். சீரம் இல்லாமல் வளர்ப்பதாக இருந்தால் கார்போடைஇமைடு வேதியியலால் ஆர்ஜிடியைப் பிணைக்க வேண்டும். இல்லையென்றால் காட்டுப் பட்டுக்குப் போகலாம்: மத்திய, கிழக்கு இந்தியக் காடுகளின் தசர் பட்டில் ஆர்ஜிடி இயல்பாகவே உண்டு. கரக்பூர் ஐஐடியில் சுபாஸ் குண்டுவின் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. ஆனால் தசர் இழை லித்தியம் புரோமைடுக்கு எளிதில் மசியாது; புழுவின் சுரப்பியிலிருந்தே புரதத்தை எடுப்பார்கள்.

வில்லையை ஊடகத்தில் இரவு ஊறவைத்து, உபரி நீரை ஒற்றி எடுத்து, செல் கரைசலை 20 மைக்ரோலிட்டர் துளியாக நடுவில் வையுங்கள். இரண்டு மணி நேரம் பொறுத்து மீதி ஊடகத்தை ஊற்றுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் செல்கள் தட்டின் அடியில் போய்க் குடியேறிவிடும். மறுநாள் வில்லையைப் புதுத் தட்டுக்கு மாற்றி, பழைய தட்டில் எத்தனை செல் என்று எண்ணிப் பாருங்கள்.

உயிருள்ள செல்கள் ஒரு சாயத்தை ஊதாவாக்கும் எம்டிடி சோதனையை மட்டும் வைத்து 'செல்கள் பெருகின' என்று எழுதாதீர்கள். அது அளப்பது வளர்சிதை மாற்றத்தை, எண்ணிக்கையை இல்லை. அதோடு ஊதா நிறமி பஞ்சுக்குள் சிக்கிக்கொள்ளும். செல் போடாத பஞ்சிலும் அதே சோதனையைச் செய்து கழித்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ அளவையும் சேர்த்து எடுங்கள். ஒளிர்வுப் படம் எடுக்கும்போது பட்டே நீலத்திலும் பச்சையிலும் தானாக ஒளிரும், அதனால் முடிந்தவரை சிவப்புச் சாயம்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை, கொஞ்சம் கோபமாகவே. ஒரே கரைசலில் செய்து, ஒரே நாளில், ஒரே செல் தொகுதி போட்ட மூன்று வில்லைகள் மூன்று சோதனை ஆகாது. அது ஒன்றுதான். 5 கிராம் கூட்டை மூன்று தனித்தனி நாளில் வேகவைத்து, மூன்று தனிக் கரைசல் செய்து, முடிந்தால் வேறு வேறு கொடையாளரின் செல் போட்டு வந்தால்தான் மூன்று. இதைச் சொன்னால் மாணவர்கள் முகம் சுருங்குகிறது, எனக்கும் அன்று சுருங்கியது. ஆனால் முதல் கரைசலில் வந்த அழகான வித்தியாசம் இரண்டாவதில் காணாமல் போவதைத் தலைமை வழிகாட்டி பார்க்கும் முன்பே நாம் பார்த்துவிடுவது நல்லது.

விலங்குச் சோதனை என்றால் இந்தியாவில் சிசிஎஸ்இஏ (விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் அரசுக் குழு) பதிவு பெற்ற கூடமும், நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். மருத்துவப் பொருளாக யோசிப்பவர்கள் மருத்துவச் சாதனங்களின் உயிரியல் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 10993 தர வரிசையின் ஐந்தாம் பகுதியிலிருந்து, அதாவது செல் நச்சுச் சோதனையிலிருந்து, தொடங்கலாம்.

நோட்டில் ஒவ்வொரு கரைசலுக்கும் ஓர் எண் கொடுங்கள். கூடு வாங்கிய தேதி, கொதித்த நிமிடம், உலர்ந்த எடை, உப்புப் பாட்டில் திறந்த நாள், டயாலிசிஸ் முடிந்த நேரம், இறுதிச் செறிவு இவை அந்த எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். அதே எண்ணை ஃபிரிட்ஜில் உள்ள பாட்டிலிலும் எழுதுங்கள். அந்தப் பாட்டிலை எடுக்கும்போதெல்லாம் முதலில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கரைசல் நகர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். லேசாகப் பால் நிறம் தட்டியிருந்தால் அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள், நாளைக்குத் தாங்காது. சாய்த்தும் அசையவில்லை என்றால் அது ஜெல்லாகிவிட்டது. தேதி போட்டு நோட்டில் குறித்துவிட்டு, அடுத்த 12 கூட்டை வெட்ட உட்காருங்கள்.